வீட்டுத் தோட்டத்துல 6 கோழி: கூடு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு முட்டை என்ன விலைன்னு கணக்கு போடுங்க



"சொந்த ஊர்ல வீட்டுக்குப் பின்னாடி இடம் சும்மா கிடக்கு. ஒரு கோழிக்கூடு போட்டா முட்டை இலவசம், மிச்சத்தை வித்தா சைடு இன்கம்." சம்பளம் வாங்குற இளைஞர்கள் நிறைய பேர் இப்படி ஒரு யோசனையில இருக்கீங்க. நல்ல யோசனைதான். ஆனா அதுல "இலவசம்"ங்கிற வார்த்தை மட்டும் தப்பு.

கோழிக்கூடு ஒரு சின்ன ப்ராஜெக்ட். இதுல முதலீடு இருக்கு, மாதச் செலவு இருக்கு, தேய்மானம் இருக்கு, ரிஸ்க் இருக்கு, வேலை பார்க்க ஒரு ஆளும் வேணும். ஒரு கம்பெனி புது மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி எப்படி கணக்கு பார்க்குமோ, அதே முறையில இதையும் பார்க்கலாம். இந்தப் பதிவுல கூட்டை எப்படி பிளான் பண்ணிக் கட்டுறது, அதுக்கு என்ன ஆகும், ஒரு முட்டைக்கு எவ்வளவு அடக்கம், வித்தா வரி எப்படின்னு வரிசையா பார்ப்போம். வீடியோ பார்த்தவங்க நேரா படி 3-க்குப் போய் உங்க ஊர் ரேட்டைப் போட்டுப் பாருங்க.

படி 1: கட்டலாமா? முதல்ல நாலு கேள்வி

இடம் யாருடையது? வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. காலி பண்ணும்போது தூக்கிட்டுப் போற மாதிரி கூடு இருக்கணும்; சிமெண்ட் போட்டுக் கட்டினா அந்தக் காசு ஓனருக்குத்தான். மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள்ள இருந்தா உள்ளூர் விதி என்னன்னு அலுவலகத்துல கேட்டுட்டு ஆரம்பிங்க.

பக்கத்து வீடு? முட்டைக்கு சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலே பெட்டைக்கோழி முட்டை போடும். குஞ்சு பொரிக்கிறதுக்கு மட்டும்தான் சேவல் வேணும். சேவலை விட்டுட்டாலே விடியக்காலைச் சண்டை பாதி போயிடும்.

தினமும் பார்க்கப் போறது யாரு? நீங்க பெங்களூருவிலயோ சென்னையிலயோ வேலை பார்த்துட்டு, கூட்டை ஊர்ல அம்மா அப்பா வீட்டுல வைக்கிறதா இருந்தா இந்தக் கேள்விக்கு நேர்மையா பதில் சொல்லுங்க. கதவு திறக்க, தீவனம், தண்ணி வைக்க, முட்டை எடுக்க, சாயங்காலம் அடைக்க ஒரு நாளைக்கு 20 நிமிஷம்னு வைங்க. வருஷத்துக்கு 121 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளா மாத்தினா 15 நாள். அம்மா அந்த 15 நாளை உங்க ப்ராஜெக்ட்டுக்கு சம்பளம் இல்லாம குடுக்குறாங்க. அவங்களுக்கே கோழி வளர்க்க ஆசைன்னா சரி. ஆசை உங்களுக்கும் வேலை அவங்களுக்கும்னா, பேசாம முட்டையைக் கடையில வாங்கிக் குடுங்க.

முட்டை வேணுமா, கறி வேணுமா? ரெண்டுக்கும் இனம் வேற, கணக்கு வேற. இங்க முட்டைக் கணக்கை மட்டும் எடுத்துக்குவோம்.

படி 2: அளவும் அமைப்பும்

ஒரு கோழிக்கு இரவு தங்குற கூட்டுக்குள்ள 4 சதுர அடி, பகல்ல உலாவுற அடைப்புல 10 சதுர அடி. இது தாராளமான அளவு. இடம் குறைஞ்சா ஒண்ணை ஒண்ணு கொத்தும், இறகு பிடுங்கும், நோய் சீக்கிரம் பரவும். 6 கோழிக்கு:

- கூடு: 4 அடி x 6 அடி = 24 சதுர அடி
- அடைப்பு: 6 அடி x 10 அடி = 60 சதுர அடி
- மொத்தம் தேவையான இடம்: 6 அடி x 14 அடி

ரெண்டு மூணு கோழிதான், ஊர்ல திறந்த வெளி இருக்குன்னா பகல்ல மேய விட்டு, ராத்திரி பஞ்சாரத்துல கவிழ்த்து வைக்கிற பழைய முறையே போதும். அதுக்கு இவ்வளவு முதலீடு வேண்டாம்.

திசை. கூட்டோட நீளப் பக்கம் கிழக்கு மேற்கா இருக்கட்டும். காலை, மாலை வெயில் அகலம் குறைஞ்ச பக்கத்துல மட்டும் படும். நம்ம ஊர்ல கோழிக்குக் குளிரை விட வெயில்தான் பெரிய எதிரி.

தரை. தண்ணி தேங்காத மேடான இடம் பாருங்க. ஹாலோ பிளாக் வச்சு ஒன்றரை அடி உயர்த்தி சிமெண்ட் தரை போட்டா எலி தோண்டாது, ஐப்பசி மழையிலயும் உள்ளே ஈரம் ஏறாது. தரைமேல 2, 3 அங்குலம் உமி அல்லது தேங்காய் நார்க்கழிவு போடுங்க. அடிக்கடி கிளறி விடுங்க. ஈரமான இடத்தை மட்டும் அள்ளிட்டு புதுசு போடுங்க.

காற்று. சுவரோட மேல் பாதி கம்பி வலையா இருக்கட்டும். எச்சத்துல இருந்து வர்ற அம்மோனியா வெளியே போகலைன்னா கோழிக்குக் கண் எரிச்சல், மூச்சுத் தொந்தரவு வரும். கூட்டுக்குள்ள தலையை விட்டா உங்க மூக்கு எரியுதுன்னா காத்தோட்டம் பத்தலைன்னு அர்த்தம்.

கூரை. வெறும் தகரம் ஏப்ரல், மே மாசத்துல அடுப்பு மாதிரி ஆயிடும். தகரம்தான் போடுறீங்கன்னா மேல தென்னங்கீற்று பரப்புங்க, இல்ல மர நிழல்ல கூட்டை வைங்க. நாலு பக்கமும் ஒரு அடி நீட்டி விட்டா சாரல் உள்ளே அடிக்காது.

உட்காரும் கம்பு. ஒரு கோழிக்கு 9 அங்குலம். ஆறுக்கு நாலரை அடி. ஆறடி கம்பு ஒண்ணு போதும். தரையில இருந்து 2 அடி உயரத்துல வைங்க.

முட்டைப் பெட்டி. 4, 5 கோழிக்கு ஒரு பெட்டி. ஆறுக்கு ரெண்டு. ஒவ்வொண்ணும் 12 அங்குல நீள, அகல, உயரம். உள்ளே வைக்கோல், கொஞ்சம் இருட்டு. பெட்டி கண்டிப்பா உட்காரும் கம்பை விடத் தாழ்வா இருக்கணும். கோழி ராத்திரி உயரமான இடத்தைத்தான் தேடும். பெட்டி உயரமா இருந்தா அதுலயே தூங்கி, எச்சம் போட்டு, முட்டையெல்லாம் அழுக்காகும்.

வலை. நிறைய பேர் காசு விடுற இடம் இது. கடையில "கோழிவலை"ன்னு குடுக்குற மெல்லிசான அறுகோண வலை, கோழி வெளியே போகாமத் தடுக்கும். நாயும் கீரியும் உள்ளே வராமத் தடுக்காது. அதுக்கு அரை அங்குல வெல்டு மெஷ் வேணும். ஆனா எல்லா இடத்துலயும் அதையே போட்டா பட்ஜெட் எகிறும். அதனால இப்படிப் பிரிங்க:

- ராத்திரி கோழி இருக்குற கூட்டோட ஜன்னல் முழுக்க வெல்டு மெஷ். இதுல சமரசம் வேண்டாம்.
- அடைப்போட மூணு பக்கமும் கீழ் 3 அடி வெல்டு மெஷ். மேல் 3 அடியும் மேற்கூரையும் கோழிவலை. பகல்ல பருந்து, காக்கா, நாய்க்கு இது போதும்.
- அடைப்பைச் சுத்தி வெளிப்பக்கம் தரையில ஒன்றரை அடி அகலத்துக்கு வெல்டு மெஷ்ஷைப் படுக்க வச்சு மேல மண் மூடுங்க. வேலி ஓரத்துல தோண்டுற பிராணி வலை தட்டுப்பட்டு விட்டுடும்.

கூட்டுக் கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள். வெறும் கொக்கி மட்டும் போடாதீங்க. தெருநாய் முட்டித் தள்ளும், மரநாய் இடுக்குல நுழையும்.

படி 3: முதலீட்டுக் கணக்கு

கீழே இருக்குறது மாதிரிக் கணக்கு. உங்க ஊர் ஹார்டுவேர் கடை, வெல்டிங் பட்டறை ரேட்டை வாங்கி மாத்திக்கோங்க. வலையோட அளவு மட்டும் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன், ஏன்னா கடைக்காரர் கேட்கிறதே அதுதான். அடைப்போட ஒரு பக்கம் கூட்டோட ஒட்டிடும். மீதி மூணு பக்கம் 10 + 10 + 6 = 26 அடி. கீழ் 3 அடிக்கு 78 சதுர அடி, தரையில படுக்க வைக்க 39, மொத்தம் 117. வெட்டுக் கழிவு சேர்த்து 130 சதுர அடி வெல்டு மெஷ். ஜன்னலுக்கு ஒரு 20. மேல்பாதிக்கு 78, மேற்கூரைக்கு 60, கழிவோட 150 சதுர அடி கோழிவலை. வெல்டு மெஷ் சதுர அடி 25 ரூபாய், கோழிவலை 8 ரூபாய்னு வச்சா 4,950.

- இரும்பு ஃப்ரேம், வெல்டிங் கூலியோட: ரூ.9,000
- அடித்தளம், தரை, கொத்தனார் கூலி: ரூ.5,000
- வலை: ரூ.4,950
- கூரை: ரூ.3,000
- பக்கச் சுவர் பலகை அல்லது ஷீட்: ரூ.3,000
- முட்டைப் பெட்டி, உட்காரும் கம்பு: ரூ.1,200
- கதவு, கீல், தாழ்ப்பாள்: ரூ.1,200
- தீவன, தண்ணிப் பாத்திரம்: ரூ.650
- கூட்டுத்தொகை: ரூ.28,000
- எதிர்பாராத செலவு 10%: ரூ.2,800
- முட்டைக்கு வர்ற பருவத்துப் பெட்டைக்கோழி 6 x ரூ.450: ரூ.2,700
- மொத்தம்: ரூ.33,500

அந்த 10% வரியை அழிச்சிடாதீங்க. வீடு கட்டினாலும் கூடு கட்டினாலும் கொத்தனார் வந்த பிறகு ஒரு மூட்டை சிமெண்ட் கூடத்தான் ஆகும்.

படி 4: ஒரு முட்டையோட அடக்க விலை

ஒரு கோழி ஒரு நாளைக்கு சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். ஆறுக்கு மாசம் 20 கிலோ. கிலோ 36 ரூபாய்னா 720. உமி, மருந்து, கிளிஞ்சல் தூள் எல்லாம் சேர்த்து 130. ஆக மாசம் 850, வருஷத்துக்கு 10,200 ரூபாய்.

தேய்மானம்: கூடு 30,800 ரூபாய், 8 வருஷம் உழைக்கும்னா வருஷத்துக்கு 3,850. கோழி 2,700 ரூபாய், நல்லா முட்டை போடுற காலம் இரண்டரை வருஷம்னா வருஷத்துக்கு 1,080. மொத்தம் 4,930.

வருஷச் செலவு = 10,200 + 4,930 = 15,130 ரூபாய்.

இப்ப இனத்தைப் பொறுத்து விடை எப்படி மாறுதுன்னு பாருங்க.

சிறுவிடை, பெருவிடை மாதிரி அசல் நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை போடும். நடுநடுவுல அடைக்கு உட்கார்ந்துடும். 70-னு வச்சா ஆறு கோழிக்கு 420 முட்டை. அடக்கம் 36 ரூபாய்.

கிராமப்பிரியா மாதிரி முட்டைக்காக மேம்படுத்தின இனத்துக்கு 180-னு வைங்க. ஹைதராபாத்துல இருக்குற மத்திய அரசோட கோழி ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை வளர்ப்புக்குன்னே உருவாக்கினது இது. ஆறுக்கு 1,080 முட்டை. அடக்கம் 14 ரூபாய்.

அசல் நாட்டுக்கோழி மோசம்னு இதுக்கு அர்த்தம் இல்லை. அது காடு கரையில மேய்ஞ்சு, புழு பூச்சி தின்னு, தீவனச் செலவே இல்லாம வளரப் பழகின இனம். அதை 60 சதுர அடி அடைப்புல போட்டு மூட்டைத் தீவனம் வச்சா, அதோட பலம் போயிடும், உங்க செலவு மட்டும் நிக்கும். மேய இடம் இருந்தா நாட்டுக்கோழி, அடைப்பு மட்டும்னா மேம்படுத்தின இனம்.

சரி, 14 ரூபாய் லாபமா நஷ்டமா? எதோட ஒப்பிடுறீங்கங்கிறதைப் பொறுத்தது.

- நீங்க ஏற்கனவே 15 ரூபாய் குடுத்து நாட்டு முட்டை வாங்குற வீடுன்னா, 1,080 முட்டையோட மதிப்பு 16,200. வருஷ மிச்சம் 1,070 ரூபாய்.
- ஆறரை ரூபாய் வெள்ளை முட்டை வாங்குற வீடுன்னா, மதிப்பு 7,020 மட்டும்தான். வருஷத்துக்கு 8,110 ரூபாய், அதாவது மாசம் சுமார் 676 ரூபாய் உங்க கையில இருந்து போகுது.

மாசம் 676 ரூபாய்க்கு புது முட்டை, தோட்டத்துக்கு எரு, குழந்தைங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. இதுக்கு அந்தக் காசு தகும்னு உங்களுக்குத் தோணினா தாராளமா பண்ணுங்க. பட்ஜெட்ல அதை "ஆசைச் செலவு" பக்கம் எழுதுங்க, "முதலீடு" பக்கம் எழுதாதீங்க. எஸ்ஐபி-யை நிறுத்தி கோழிக்கூடு கட்டாதீங்க.

படி 5: அடக்கத்தைக் குறைக்க எங்க கை வைக்கலாம்?

எல்லாரும் முதல்ல கூட்டோட செலவைத்தான் வெட்டுவாங்க. கணக்கு பாருங்க: பழைய இரும்பு, பழைய ஷீட் வச்சு 12,800 ரூபாய் மிச்சம் பண்ணிட்டீங்கன்னு வைங்க. 8 வருஷத்துக்குப் பிரிச்சா வருஷம் 1,600. முட்டைக்கு ஒண்ணரை ரூபாய் குறையும். தீவனத்துல 20% வீணாகுறதை நிறுத்தினா வருஷம் 1,728 மிச்சம். முட்டைக்கு 1 ரூபாய் 60 காசு. தீவனப் பாத்திரத்தைக் கோழியோட முதுகு உயரத்துக்குத் தொங்க விட்டு, பாதிக்கு மேல நிரப்பாம இருந்தாலே கால்ல கிளறிச் சிதறுறது குறையும். ரெண்டையும் செய்ங்க. ஒண்ணுதான் முடியும்னா தீவனத்தைப் பாருங்க.

வெட்டக் கூடாத செலவு மூணு:

1. கூட்டு வலை, தாழ்ப்பாள். ஒரே ஒரு ராத்திரி கீரியோ நாயோ உள்ளே போனா ஆறும் போயிடும். 2,700 ரூபாயோட, மறுபடி குஞ்சுல இருந்து ஆரம்பிச்சா 5 மாசம் போல முட்டையும் கிடையாது. கூடுதலா போடுற 1,500 ரூபாய் மெஷ், தாழ்ப்பாளை இன்ஷூரன்ஸ் பிரீமியமா நினைங்க.
2. தடுப்பூசி. வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தா ஒரு வாரத்துக்குள்ள கூடே காலியாகலாம். கோழி வாங்கும்போது என்னென்ன தடுப்பூசி போட்டாச்சுன்னு கேளுங்க. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துல அடுத்தது எப்பன்னு எழுதி வாங்கி காலண்டர்ல போடுங்க.
3. தண்ணி. சாதாரணமா ஒரு கோழி கால் லிட்டர் வரைக்கும் குடிக்கும், கோடையில அதை விட அதிகம். தண்ணி ஒரு நாள் தீர்ந்தா முட்டை பல நாளைக்குக் குறையும்.

இன்னொண்ணு: இறகு உதிர்க்கிற காலத்துல கோழி ரெண்டு மூணு மாசம் கூட முட்டை போடாம இருக்கும். தீவனச் செலவு மட்டும் ஓடும். வயசான கோழியை என்ன பண்றதுங்கிறதையும் (விக்கிறதா, சமைக்கிறதா, சும்மா வச்சுக்கிறதா) வாங்குற அன்னைக்கே வீட்டுல பேசி முடிவு பண்ணிடுங்க. பேர் வச்ச பிறகு அந்தப் பேச்சு கஷ்டம்.

படி 6: காசு எங்க இருந்து?

ரெடிமேட் கூட்டை கிரெடிட் கார்டு இஎம்ஐ-ல வாங்கலாமேன்னு தோணும். 33,500 ரூபாயை 16% வட்டியில 12 மாசம் கட்டினா வட்டி சுமார் 2,975. வட்டி மேல 18% ஜிஎஸ்டி 535. மொத்தம் 3,500 ரூபாய்க்கு மேல. நாட்டு முட்டை வாங்குற வீட்டுக்கே வருஷ மிச்சம் 1,070-தான்னு பார்த்தோம். மூணு வருஷ மிச்சத்தை பேங்க் எடுத்துக்குது.

அதுக்குப் பதிலா மாசம் 5,600 ரூபாய்க்கு 6 மாச ஆர்டி போடுங்க. ஜூலையில ஆரம்பிச்சா டிசம்பர் தவணையோட 33,600 ரெடி. வடகிழக்குப் பருவமழையும் முடிஞ்சிருக்கும். மழையில எந்த மூலையில தண்ணி தேங்குச்சுன்னு பார்த்து இடத்தையும் சரியா தேர்ந்தெடுக்கலாம். ஜனவரியில கட்டுங்க, பிப்ரவரியில கோழி இறக்குங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க.

படி 7: வித்தா வரி உண்டா?

வீட்டுக்கு மட்டும்னா வரிக் கணக்கே இல்லை. சாப்பிட்ட முட்டை வருமானம் ஆகாது. விக்க ஆரம்பிச்சா நாலு விஷயம்:

- கோழி வளர்ப்பு வருமானம் "விவசாய வருமானம்" கிடையாது. வரி இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இது பிசினஸ் வருமானம்.
- பிசினஸ் வருமானம் இருந்தா ஐடிஆர்-1 போட முடியாது. சின்ன அளவுக்கு, விற்பனையில 8% (டிஜிட்டலா வந்த பணத்துக்கு 6%) லாபம்னு காட்டுற அனுமான முறையில ஐடிஆர்-4 போடலாம். 16,200 ரூபாய்க்கு முழுசா வித்தாலும் 30% ஸ்லாப்ல வரி சில நூறு ரூபாய்தான். ஃபார்ம் மாறுதுங்கிறதுதான் முக்கியம்.
- பிசினஸ் நஷ்டத்தை சம்பளத்துல கழிக்க முடியாது. "கூடு கட்டின செலவைக் காட்டி டிடிஎஸ் ரீஃபண்ட் வாங்கலாம்"ங்கிறது நடக்காது.
- ஓட்டோட இருக்குற முட்டைக்கு ஜிஎஸ்டி இல்லை.

ஆஃபர் லெட்டர்ல "வேற தொழில் செய்யக் கூடாது"ன்னு ஒரு வரி இருக்கான்னும் பார்த்துக்கோங்க.

ஒரு எச்சரிக்கை

இந்த 6 கோழிக் கணக்கை மனசுல வச்சுக்கிட்டு, "எங்க பண்ணையில பணம் போடுங்க, கோழியை நாங்களே வளர்க்கிறோம், மாசாமாசம் இவ்வளவு தர்றோம்"னு வர்ற விளம்பரத்தைப் பாருங்க. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்ப்புத் திட்டங்கள் சரிஞ்சப்ப, மாத வருமானத்தை நம்பி ஆயிரக்கணக்கானவங்க பணம் போட்டிருந்தாங்க. உயிருள்ள பிராணி மாசாமாசம் ஒரே தொகையைத் தராது. அது இறகு உதிர்க்கும், அடைக்கு உட்காரும், நோய்வாய்ப்படும். நிலையான வருமானம்னு யாராவது எழுதிக் குடுத்தா, அந்தக் காசு முட்டையில இருந்து வரலை, அடுத்து பணம் போடுறவர்கிட்ட இருந்து வருதுன்னு சந்தேகப்படுங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. வீட்டுல ஒரு வாரத்துக்கு எத்தனை முட்டை, என்ன விலையில வாங்குறீங்கன்னு எழுதுங்க.
2. பின்பக்க இடத்தை டேப் வச்சு அளங்க. 6 x 14 அடி கிடைக்குதான்னு பாருங்க.
3. ஒரு வெல்டிங் பட்டறை, ஒரு ஹார்டுவேர் கடை, ஒரு தீவனக் கடை, மூணு ரேட் வாங்குங்க.
4. படி 3, 4-ல உங்க எண்ணைப் போட்டு முட்டை அடக்கம் கண்டுபிடிங்க.
5. தினமும் பார்த்துக்கப் போறவங்ககிட்ட அந்த 121 மணி நேரத்தைச் சொல்லி சம்மதம் கேளுங்க.

அஞ்சும் முடிஞ்சு, அப்பவும் ஆசை இருந்தா ஆர்டி ஆரம்பிங்க. உங்க ஊர்ல முட்டை அடக்கம் எவ்வளவு வந்துச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. கணக்கு எங்கயாவது இடிச்சா சேர்ந்து பார்ப்போம்.